பின்படிக்கட்டு

பழைய பங்களாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் முன்வாசல் வழியாக உள்ளே போனவர்கள். போர்ட்டிகோவில் இறங்கினார்கள், தூண்களைப் பார்த்தார்கள், வெராந்தாவில் உட்கார்ந்தார்கள், ஹாலுக்குள் போய் அண்ணாந்து பார்த்தார்கள், எழுதினார்கள். சென்னையின் தோட்ட வீடுகளைப் பற்றி வந்திருக்கிற புத்தகங்களைத் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். துரை பெயர் இருக்கும். எத்தனை ஏக்கர், யாரிடமிருந்து யார் வாங்கினார்கள், எந்தக் கவர்னர் விருந்துக்கு வந்தார், எல்லாம் இருக்கும். மாடியில் இருந்த கக்கூசைச் சுத்தம் பண்ணினவர் எந்த வழியாக ஏறினார், எந்த வழியாக இறங்கினார் என்பது மட்டும் இருக்காது. அவருக்கென்று தனியாக ஒரு படிக்கட்டு கட்டினார்கள். அதையும் ஒருத்தர் வரைபடத்தில் கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறார். அப்படியானால் அதுவும் கட்டடக்கலைதான். நான் அந்தப் படி வழியாகப் போகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது தேனாம்பேட்டையில். குடிசையாக இருந்து பிறகு வாரியக் குடியிருப்பாக ஆன இடம். அங்கிருந்து அடையாற்றுப் பக்கம் நடந்தால் பெரிய மதிலும் மரங்களும் தெரியும். அதற்குள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு வீடு. மெட்ராஸ் கிளப் இன்று இருக்கிற வீடு. அதன் பழைய பெயர் ‘மௌபரே குபோலா’. ஜார்ஜ் மௌபரே என்ற வெள்ளைக்காரர் 1771இல் கம்பெனியின் கணக்கு உத்தியோகத்துக்குச் சென்னை வந்தவர். ஆற்றின் வடகரையில் நூறு ஏக்கருக்கு மேல் வளைத்து, நடுவில் கும்மட்டம் வைத்து வீடு கட்டினார். கும்மட்டத்துக்கு அவர்கள் பாஷையில் ‘குபோலா’. அந்தச் சொல்லே இத்தாலியிலிருந்து வந்ததுதான். ஊருக்குள்ளிருந்து அந்த வீட்டை நோக்கிப் போன ரோடு மௌபரீஸ் ரோடு. இன்றைக்கு அது டி.டி.கே. சாலை.

அந்தக் காலத்தில் கோட்டைக்கு வெளியே வீடு கட்ட வெள்ளைக்காரனுக்குப் பயம். 1758-59இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையை முற்றுகையிட்டார்கள். 1769இல் ஐதர் அலி பரங்கிமலை வரைக்கும் வந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பயம் குறையக் குறைய கோட்டையை விட்டு வெளியே வந்தார்கள். 1799இல் திப்பு சாய்ந்த பிறகு சுத்தமாகப் பயம் விட்டது. மவுண்ட் ரோட்டின் இரண்டு பக்கமும் கிடந்த வெளிக்கு ‘சௌல்ட்ரி ப்ளெயின்’ என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் நீளமான ஏரி. (1920களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் வந்தது.) ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் காற்று வாங்கிக்கொண்டு தோட்டமும் வீடுமாக எழும்பின. சேமியர், டர்ன்புல், எல்டாம் என்று எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒட்டிக்கொண்ட பெயர்கள் அந்தக் காலத்து மிச்சம்.

இந்த வீடுகளின் முகஜாடை இத்தாலியுடையது. வெனிஸுக்குப் பக்கத்தில் விசென்ஸா என்ற ஊரில் ஆந்திரேயா பல்லாதியோ (1508-1580) என்ற கட்டடக்காரர் இருந்தார். பழைய ரோமாபுரிக் கோயில்களின் முகப்பை அளந்து பார்த்து, அதைத் தூக்கி வீட்டு வாசலில் வைத்தவர் அவர். வரிசைத் தூண், மேலே முக்கோண முகப்பு, நடுவில் கூடம், இடதும் வலதும் ஒரே அளவு. 1570இல் கட்டடக்கலை பற்றி நான்கு பாகமாகப் புத்தகம் போட்டார். இங்கிலீஷ் சீமான்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத் தங்கள் ஊரில் மாளிகை கட்டினார்கள். அங்கிருந்து அந்த அச்சு கம்பெனி இஞ்சினியர்களோடு கப்பலேறி இங்கே வந்தது. இங்கே வெயில் அதிகம் என்பதால் வெராந்தாவை அகலமாக்கினார்கள், தூணை உயரமாக்கினார்கள், தூணுக்குத் தூண் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். தெளித்தார்கள் என்றால் தெளிக்க ஆள் வைத்தார்கள்.

பல்லாதியோவிடம் எனக்கு ஒரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. அவர் கட்டிய கிராமத்து வீடுகள் பல, பண்ணை வீடுகள். நடுவில் எசமான் வீடு. அதன் இரண்டு பக்கமும் கை நீட்டினது மாதிரி கொட்டகைகள். தானியம், மாடு, ஏர், கலப்பை எல்லாம் அங்கே. எசமான் எசமான்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் உழைப்பு நடக்கிற இடத்தை அவர் மறைக்கவில்லை. முகப்பிலேயே, தூண் வரிசையோடு சேர்த்துக் காட்டினார். சென்னைக்கு வந்த இத்தாலி வீடு அந்தக் கைகளை வெட்டிவிட்டது. சமையல்கட்டு தனியாக, வீட்டுக்குப் பின்னால், கண்ணுக்கு மறைவாகப் போனது. அதற்குப் பெயர் குசினி. வேலைக்காரர் குடும்பத்தோடு படுக்கிற இடம் அதற்கும் பின்னால். அதற்குப் பெயர் கொடவுன். சாமான் வைக்கிற இடத்துக்கும் மனுஷன் படுக்கிற இடத்துக்கும் ஒரே பெயர்.

தூண்கள் பளிங்கு மாதிரி இருக்கும். பளிங்கு இல்லை. உள்ளே செங்கல். மேலே சுண்ணாம்பு. கடற்கரையிலும் காயலிலும் பொறுக்கிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, சலித்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் விட்டுப் புளிக்கவைத்துப் பூசுவார்கள். கடைசிப் பூச்சு முட்டையின் வெள்ளைக்கரு, தயிர் சேர்த்தது. ஈரம் காய்வதற்குள் வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும். ‘மெட்ராஸ் சுனாம்’ என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கினது இதுதான். வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் ஆச்சரியப்பட்டு எழுதிவைத்தார்கள். தேய்த்த கையைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. சுண்ணாம்பு தோலைத் தின்னும். எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போன அம்மாக்களின் விரல் நுனியைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதை எனக்கு யாரும் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாடித் தளமும் அப்படித்தான். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டித் தட்டித்தான் அது இறுகும். சத்தம் ஒரே தாளமாக வருவதற்குப் பாட்டு. ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று இஞ்சினியர் புத்தகத்தில் போட்டிருக்கிறது. பெயர் ஊருக்குப் போனது. கூலிக்கார அம்மாக்களுக்கு நாள் கூலி போனது.

இப்போது அந்தப் படிக்கட்டுக்கு வருகிறேன்.

இந்த வகை பங்களாக்களில் மாடியில் படுக்கை அறை. ஒவ்வொரு படுக்கை அறைக்கும் பக்கத்தில் குளிக்கிற அறை. அதில் கமோடு. பாதாளச் சாக்கடை வராத காலம். ஆகவே அந்தக் குளிக்கிற அறைக்கு இரண்டு கதவு. ஒன்று உள்ளே, எசமானுக்கு. இன்னொன்று வெளியே, சுவரில். அந்தக் கதவைத் திறந்தால் வீட்டின் பின்புறத்தில் ஒடுங்கலான ஒரு படிக்கட்டு இறங்கும். பல இடங்களில் இரும்பில் செய்த சுருள் படி. சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் எங்கேயும் கால் வைக்காமல், யார் கண்ணிலும் படாமல் ஏறி இறங்குவதற்கு. முன்னால் இருக்கிற மரப்படிக்கட்டு அகலமானது. இரண்டு பேர் கைகோத்து இறங்கலாம். பின்னால் இருக்கிறதில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க வேண்டும். கையில் சட்டி இருந்தால் கைப்பிடியைப் பிடிக்க முடியாது.

எங்கள் சனம் சென்னையில் பாட்டியை ‘ஆயா’ என்றுதான் கூப்பிடும். துரை வீட்டில் பிள்ளை தூக்கினவளுக்கும் அதே பெயர். எங்க ஆயா ரெண்டுமாக இருந்தது. அதோட அம்மா ஒரு வெள்ளைக்கார வீட்டில் குசினி வேலை. அப்பா அங்கேயே பட்லர். தேனாம்பேட்டையில் தூணும் வெராந்தாவுமாக இருந்த வீடு. பெயர் சொல்ல வேண்டாம். 1947க்குப் பிறகு துரை கப்பலேறினான். வீட்டை நம்ம ஊர்க் குடும்பம் ஒன்று வாங்கியது. படித்த குடும்பம், கதர் கட்டின குடும்பம். அவர்களுடைய சமையல்காரர் வந்தார். குசினியைக் கழுவி, வெள்ளையடித்து, பூசை போட்டு, அதற்கப்புறம் அடுப்புப் பற்றவைத்தார்கள். ஆயாவோட அம்மா அந்த வாசலுக்குள் மறுபடி போகவில்லை. வேலை மட்டும் போகவில்லை. வேறு வேலை கொடுத்தார்கள்.

ஆயா இதைச் சொல்லும்போது அழாது. வெத்தலையை மென்றுகொண்டே சொல்லும்: “வெள்ளக்காரன் போனான். எங்கம்மா குசினியிலர்ந்து கக்கூசுக்குப் போச்சு. அவ்ளோதான் சொதந்திரம்.” 

பிறகு ஆயாவும் அதே வீட்டுக்கு வேலைக்குப் போனது. நான் எம்.ஏ. படிக்கும்போது ஒரு நோட்டோடு உட்கார்ந்து கேட்டேன். “ஆயா, அந்த வூட்டு முன்பக்கம் எப்படி இருக்கும்? தூண் எத்தனை?” ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தது. “இன்னாமே கேக்கற? முன்னாடி எப்டி கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? நான் பின்னால போனவ. படி வேணா கேளு, சொல்றேன். இருபத்திரெண்டு படி. ஏழாவது படி ஆடும்.” 

இருபத்திரெண்டு படி. ஏழாவது ஆடும். இந்த அளவு எந்தப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலிலும் இல்லை.

இதை எழுதும்போது நம் தோழர்கள் சிலர் ஒன்று கேட்பார்கள். “அப்போ வெள்ளைக்காரன் நல்லவனா?” நான் அதைச் சொல்லவில்லை. பறையர்களை ஏன் வெள்ளைக்காரன் வீட்டுக்குள் விட்டான் என்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே இருந்த பிரெஞ்சுப் பாதிரி அபே துபுவா எழுதியிருக்கிறார். மாட்டுக்கறி சமைக்க, பூட்ஸ் துடைக்க, சட்டி எடுக்க மற்ற சாதிக்காரர் யாரும் வரமாட்டார்கள், ஆகவே வேறு வழியில்லை என்பதுதான் சாரம். அது தயவு இல்லை, தேவை. அந்த பட்லர்கள் கேள்வி ஞானத்தில் கற்றுப் பேசிய இங்கிலீஷை ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று கேலி பண்ணி அகராதியிலும் ஏற்றினார்கள். நம் மக்கள் பெயரையே எடுத்துத் தள்ளிவைக்கப்பட்டவன் என்ற அர்த்தத்தில் இங்கிலீஷ் பாஷையில் சேர்த்தவர்களும் அவர்கள்தான். வெள்ளைக்காரன் குசினிக்கு உள்ளே விட்டு கொடவுனில் படுக்கவைத்தான். நம் ஆள் குசினியைக் கழுவிவிட்டான். பின்படிக்கட்டை மட்டும் ரெண்டு பேரும் இடிக்கவில்லை.

ஆனால் அந்தக் குசினி வழியாக வேறு ஒன்றும் நடந்திருக்கிறது. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது திருக்குறள் பதிப்பு வரலாறு ஒரு பாடம். 1812இல் குறள் முதன்முதலாக அச்சேறியது, எல்லிஸ் துரை தமிழுக்குத் தொண்டு செய்தார், இதெல்லாம் பரீட்சைக்கு எழுதினேன். எல்லிஸ் கைக்கு ஏடு எப்படி வந்தது என்று எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் சொல்லியிருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற துரையிடம் பட்லர். தன் வீட்டில் வைத்திருந்த திருக்குறள், நாலடி நானூறு ஏட்டுச் சுவடிகளை அந்தத் துரையிடம் கொடுத்து, அவர் வழியாக அவை எல்லிஸிடம் போய்ச் சேர்ந்தன என்று 1907இல் தாம் தொடங்கிய ‘தமிழன்’ இதழில் எழுதினார். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவந்த பிறகு இதைப் படிக்காதவர்கள் படிக்க விரும்பாதவர்கள் மட்டும்தான். நான் படித்த கல்லூரியில், அந்தப் புத்தகம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும், ‘பட்லர் வீட்டில் குறளா’ என்று ஒரு பேராசிரியர் சிரித்தார். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. அந்தச் சிரிப்பு எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். தூண் வைத்த ஒரு வீடு. முன்வாசல் வழியாக கவர்னர் வருகிறான், நவாபு வருகிறார், துபாஷி வருகிறார். பின்வாசல் வழியாக ஒரு பட்லர் கறிகாய்க் கூடையோடு உள்ளே வருகிறார். அவர் வீட்டில் குறள் ஏடு இருக்கிறது. அந்த வீட்டுக்குள் அன்றைக்கு வந்த சாமான்களில் எது பெரிய சாமான்? முன்வாசல் வழியாக வந்ததா, பின்வாசல் வழியாக வந்ததா? 

ஆற்றின் மறுகரையிலும் ஒரு தோட்ட வீடு இருந்தது. ஹடில்ஸ்டன் என்ற கம்பெனி உத்தியோகஸ்தருடைய பெயரால் ‘ஹடில்ஸ்டன் கார்டன்ஸ்’. 1882இல் அதைப் பிரம்மஞான சபை வாங்கியது. கர்னல் ஆல்காட் அங்கே தங்கினார். 1894இல் நம் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி ஆரம்பித்தார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. எங்கள் தேனாம்பேட்டைப் பள்ளிக்கு தாமோதர் பள்ளி என்று பெயர். 1898இல் அயோத்திதாசர் ஆல்காட்டைச் சந்தித்தார். அதே வருஷம் இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவித் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். குறள் ஏட்டைக் கொடுத்த பட்லரின் பேரன் ஒரு தோட்ட வீட்டுக்குப் பேச வருகிறார், கோரிக்கையோடு. பாட்டனுக்கும் பேரனுக்கும் நடுவில் ஏறக்குறைய நூறு வருஷம். தோட்ட வீடுகளின் வரலாற்றில் எனக்கு முக்கியமான தேதிகள் இவை. எந்த விருந்தில் யார் நடனமாடினார்கள் என்பது இல்லை.

வடகரை வீட்டின் கதை வேறு மாதிரி போனது. 1890களிலிருந்து மௌபரேயின் வீடு அடையாறு கிளப். மவுண்ட் ரோட்டில் 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் தனியாக இருந்தது. ரெண்டும் வெள்ளைக்காரருக்கு. நாட்டுக்கு சுதந்திரம் வந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆன பிறகுதான் இந்தியர்களை உறுப்பினராகச் சேர்த்தார்கள். 1963இல் ரெண்டு கிளப்பும் ஒன்றாகி, மெட்ராஸ் கிளப் என்ற பெயரில் மௌபரே வீட்டில் குடியிருக்கிறது. மவுண்ட் ரோட்டில் இருந்த பழைய கிளப் கட்டடம் பத்திரிகை முதலாளி கைக்குப் போய், கடைசியில் இடிக்கப்பட்டு, 2010இல் அந்த வளாகத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ என்ற மால் திறந்தார்கள். இந்தியருக்குக் கதவு திறக்கவில்லை என்று நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் அந்தக் காலத்தில் பட்ட அவமானத்தைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளே ஏற்கெனவே இந்தியர்கள் இருந்தார்கள். சமைத்துக்கொண்டு, பங்கா இழுத்துக்கொண்டு, சட்டி தூக்கிக்கொண்டு. அவர்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

ரோட்டுப் பெயர்கள் மாறின. மௌபரீஸ் ரோடு ஒரு தொழிலதிபர் பெயருக்குப் போனது. சேமியர்ஸ் ரோடு பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை ஆனது. கந்தப்பன் பெயரில் ஒரு சந்தை நான் பார்த்ததில்லை.

இப்போது பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். உயர்நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்போடு வந்த நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் சென்னையில் 467 கட்டடங்கள். காப்பாற்றுங்கள். நான் இடிக்கச் சொல்கிறவள் இல்லை. கிளிஞ்சல் சுட்ட கையும் தளம் தட்டின கையும் எங்களுடையதும்தான். இடித்தால் எங்கள் வேலையும் சேர்ந்துதான் இடியும். ஆனால் காப்பாற்றும்போது முழு வீட்டையும் காப்பாற்றுங்கள். ‘புதுப்பிக்கிறோம்’ என்று முதலில் இடிப்பது கொடவுனைத்தான், பின்படிக்கட்டைத்தான். அழகைக் கெடுக்கிறதாம். முன்பக்கத் தூணுக்குச் சுண்ணாம்பு பூசுகிறார்கள், பின்பக்கத்துச் சாட்சியை வண்டியில் ஏற்றிக் குப்பையில் கொட்டுகிறார்கள். பாரம்பரிய நடைப்பயணம் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு தடவையாவது வீட்டைச் சுற்றிப் பின்னால் போய் நிற்கட்டும். “இங்கே இரண்டாவது கதவு எதற்கு?” என்று ஒரு பிள்ளை கேட்கட்டும்.

ஆயா வேலை பார்த்த வீடு இன்று இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. அந்த மாதிரி புதுக் கட்டடங்கள் பலவற்றின் முகப்பில் மறுபடியும் இத்தாலித் தூண் வைக்கிறார்கள், சிமெண்டில் வார்த்தது. பெயரில் ‘வில்லா’ என்று சேர்க்கிறார்கள். எங்கள் குடியிருப்பிலிருந்து வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்களிடம் கேளுங்கள். லிஃப்ட் இரண்டு இருக்கும். ஒன்றில் அவர்கள் ஏறக் கூடாது. மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம். கமோடு சட்டி போய்விட்டது. சட்டி தூக்கினவருக்கான வழி மட்டும் மின்சாரத்தில் ஓடுகிறது.

நம் இதழை வாசிக்கிற மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, அடையாறு எங்கேயும் பங்களா இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நம் சனம் இருக்கும். அந்த வீடுகளுக்கு வேலைக்குப் போன கடைசித் தலைமுறை இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. போய் உட்காருங்கள். துரை பெயரைக் கேட்காதீர்கள், அது புத்தகத்தில் இருக்கிறது. குசினி எத்தனை அடி தள்ளி இருந்தது, மழையில் சோறு எப்படிப் போனது, கொடவுனில் எத்தனை குடும்பம், சம்பளம் என்ன, பிள்ளை பெற்று எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினார்கள், வீடு கை மாறினபோது யாரை எந்த வேலையிலிருந்து எடுத்து எதில் போட்டார்கள், இதைக் கேளுங்கள். குசினி, கொடவுன், மேட்டி, பங்கா என்று அவர்கள் வாயில் வருகிற சொல்லை அப்படியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். படி எத்தனை என்று மறக்காமல் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்.